அருள்மொழிக்கு வானதியா, பூங்குழலியா? பொன்னியின் செல்வன் ரசிகர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அருள்மொழிக்குப் பொருத்தமானவள் வானதியா, பூங்குழலியா? இந்த வழக்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. 1950 அக்டோபர் 29-ஆம் தேதி ‘கல்கி’ வார இதழில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954 மே 16-இல் முடிந்தது. மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் பக்கங்களைச் சேர்த்து பைண்டு செய்து வைத்தார்கள். பிறந்த பிள்ளைகளுக்கு அருள்மொழி, குந்தவை, வானதி, பூங்குழலி என்று பெயர் சூட்டினார்கள். கதை முடிந்ததும் யார் யாரை மணந்தார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேள்விகளை அடுக்கினார்கள். நாவலாசிரியர் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இன்று பேத்திகள் கைப்பேசியில் ‘ஷிப்’ என்று சொல்லிக்கொண்டு ஜோடி சேர்ப்பதைத்தான் பாட்டிமார் அன்று தாழ்வாரத்தில் உட்கார்ந்து செய்தார்கள்.

அரியலூர் மாவட்டத்துக்காரர்களான எங்களுக்கு இது வெறும் கதை வழக்கு இல்லை. பழுவேட்டரையர்களின் பழுவூர் இங்கே இருக்கிறது. அருள்மொழியின் மகன் ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரமும் இங்கேதான். மணிரத்னத்தின் படங்கள் 2022 செப்டம்பர் 30-லும் 2023 ஏப்ரல் 28-லும் வந்தபிறகு இந்த ஊர்களைத் தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். இந்தப் பாத்திரங்களை வைத்துச் சொந்தமாகக் கதை எழுதுகிற கல்லூரிப் பிள்ளைகள் அரியலூரிலும் பெரம்பலூரிலும் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. பிடித்த இருவரைச் சேர்த்து வைத்துக் கனவு காண்பது வாசகரின் உரிமை. அந்தக் கனவை யாரும் பறிக்கக் கூடாது. கல்வெட்டில் இருப்பது எது, கல்கியின் பேனாவில் பிறந்தது எது என்று தெரிந்து வைத்துக்கொண்டு கனவு கண்டால் அது இன்னும் நன்றாக இருக்கும். அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

செய்ய வேண்டியவை

ஐந்து பாகங்களையும் படியுங்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஜோடி சேர்ப்பவர்கள் மணிமேகலையைச் சந்தித்திருக்க மாட்டார்கள். கடம்பூர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. தமையன் வாயால் கதை நாயகன் வந்தியத்தேவனின் வீரத்தைக் கேட்டுக் கேட்டே அவனிடம் மனத்தைக் கொடுத்தவள். அவனோ அருள்மொழியின் தமக்கை குந்தவையிடம் மனத்தைப் பறிகொடுத்தவன். மணிமேகலைக்குப் படத்தில் இடமில்லாமல் போயிற்று. கல்கியோ இவ்வளவு பெரிய நாவலின் கடைசி அத்தியாயத்தை அவளுக்குக் கொடுத்தார். அரியணை யாருக்கு என்ற கேள்வி தீர்ந்து, முடிசூட்டு விழாவும் முடிந்த பிறகு, அந்தப் பெண் வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுவதோடு கதை நிற்கிறது. குந்தவை-வந்தியத்தேவன் ஜோடியைக் கொண்டாடி எழுதுகிறவர் எவரும் மணிமேகலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளைத் தாண்டாமல் எழுதிய காதல் கதையில் ஏதோ ஒன்று குறைகிறது.

வானதியையும் பூங்குழலியையும் பற்றிச் சண்டை போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். வானதி தான் சிங்காதனத்தில் ஏற மாட்டேன் என்று சபதம் செய்தவள். பூங்குழலி, பின்னர் அரியணை ஏறும் சேந்தன் அமுதனை மணந்து, கல்கியின் கதைப்படி கடைசியில் பட்டத்தரசியாகிறாள். கொடும்பாளூர் இளவரசிக்கு அரியணை இல்லை, கோடிக்கரை ஓடக்காரப் பெண்ணுக்கு உண்டு. இந்த முடிவு முழுவதையும் படித்தபின்பு யார் வென்றாள், யார் தோற்றாள் என்று பேசிப் பாருங்கள். பேச்சே மாறிவிடும்.

கல்லில் இருக்கும் ஜோடியையும் கதையில் இருக்கும் ஜோடியையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். குந்தவையும் வந்தியத்தேவனும் கல்லில் இருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, கதையில் அருள்மொழியாக வரும் ராஜராஜனின் தமக்கையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றே குறிக்கிறது. இத்தனை கோடி எழுத்துகள் செலவழித்து நாம் கொண்டாடும் காதலுக்குக் கல் தரும் சாட்சி அந்த ஒற்றைத் தொடர்தான். எப்படிச் சந்தித்தார்கள், யார் முதலில் பேசியது, எந்த ஆற்றங்கரையில் என்பதெல்லாம் கல்கி நமக்குத் தந்தவை.

வானதி பாதி கல், பாதி கதை. ராஜேந்திரனின் தாய் வானவன் மாதேவி என்று வரலாறு சொல்கிறது. திரிபுவன மாதேவி என்றும் அவருக்குப் பெயருண்டு. அந்தப் பெயரிலிருந்து கொடும்பாளூர்ப் பெண்ணாக, மயங்கி மயங்கி விழும் மென்மையான பெண்ணாக ஒருத்தியை உண்டாக்கியவர் கல்கி. ராஜராஜனுக்குக் கல்வெட்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட தேவியர் பெயர் வருகிறது. பட்டத்தரசி தந்திசக்தி விடங்கி என்னும் உலகமாதேவி. திருவையாற்றுக் கோயில் வளாகத்தில் வடகயிலாயம் எனப்படும் உலகமாதேவீச்சரத்தைக் கட்டியவர் அவர். ‘அருள்மொழிக்கு வானதி ஒருத்திதான்’ என்று கதைக்குள் நின்று எழுதலாம். வரலாற்றுக் கதை என்று பெயர் போட்டு எழுதினால் உலகமாதேவியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று யோசிக்க வேண்டும். பழுவூர் இளையராணி நந்தினி, பூங்குழலி, மணிமேகலை, முதல் மந்திரி அநிருத்தரின் ஒற்றன் ஆழ்வார்க்கடியான் நால்வரும் முழுக்க முழுக்கக் கல்கியின் பிள்ளைகள். அநிருத்தர் உண்மையில் இருந்தவர்; அன்பில் செப்பேடு அவரைச் சொல்கிறது. எழுதும் கதையின் தலையில் இரண்டு வரி சேர்த்து, இவையிவை வரலாறு, மற்றவை கல்கி, இன்னின்னவை என் கற்பனை என்று சொல்லிவிடுங்கள். படிக்கிற பள்ளிப் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

பழுவூரைப் பழுவூராகப் படியுங்கள். நாவலைப் படித்தவர்களுக்குப் பழுவூர் என்றால் சதி, சுரங்கம், பனைமரக் கொடி, மூடு பல்லக்கு. உண்மைப் பழுவூரின் கதை வேறு. கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்று இன்று மூன்றாக இருக்கும் இந்த ஊர்களை ஆண்ட பழுவேட்டரையர்கள் சோழர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் துணை நின்ற குறுநில மன்னர்கள். முதலாம் பராந்தக சோழன் பழுவேட்டரையர் மகளை மணந்தான். அவள் பெற்ற பிள்ளை அரிஞ்சயன். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன். அப்படியானால் சுந்தர சோழனின் பிள்ளைகளான ஆதித்த கரிகாலனுக்கும் குந்தவைக்கும் அருள்மொழிக்கும் கொள்ளுப்பாட்டி பழுவூர்ப் பெண். இதைச் சொல்வதும் அன்பில் செப்பேடுதான்.

இன்னொன்று இருக்கிறது. ராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவியைப் பழுவூரோடு சேர்த்துப் பேசுகிறார்கள் கல்வெட்டு ஆய்வாளர்கள். பாலகுமாரனின் ‘உடையார்’ படித்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். தன்னைப் பெறாத அந்தத் தாய்க்கு ராஜேந்திரன் பட்டீச்சரம் பக்கத்தில் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். ஆக, சோழ இளவரசனும் பழுவூர்ப் பெண்ணும் என்ற ஜோடிக்குக் கதைக்காரர் யாரும் தேவையில்லை. இரண்டு முறை நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. இவ்வளவு நல்ல கதை கல்லிலும் செப்பேட்டிலும் கிடக்கும்போது புதிதாக எழுதுகிறவர்கள் ஏன் திரும்பத் திரும்ப நந்தினியின் பல்லக்குப் பின்னாலேயே ஓடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத கேள்வி. பராந்தகனை மணந்த அந்தப் பழுவூர்ப் பெண்ணை யாராவது எழுதுங்கள்.

காலத்தையும் மண்ணையும் சரிபாருங்கள். கதை நடக்கும்போது கங்கைகொண்ட சோழபுரம் இல்லை. அதைக் கட்டிய ராஜேந்திரன் அருள்மொழியின் மகன். ஊர் உருவானது 11-ஆம் நூற்றாண்டில். தஞ்சைப் பெரிய கோயிலும் 1010-இல்தான் நிறைவு பெற்றது. ஆகவே வந்தியத்தேவன் குந்தவையைக் கங்கைகொண்ட சோழபுரத்து நந்தியின் நிழலில் சந்திக்க முடியாது. வீராணம் இருந்தது, ஆடிப்பெருக்கன்று அந்த ஏரிக்கரையில்தான் கதையே தொடங்குகிறது. கீழையூரின் இரட்டைக் கோயில்கள் இருந்தன; முதலாம் ஆதித்தன் காலத்தவை, 9-ஆம் நூற்றாண்டு. நந்தினியை ஓர் உண்மையான கோயிலில் நிறுத்த வேண்டுமானால் அங்கே நிறுத்தலாம். கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலும் பொருந்தும். சம்பந்தர் பாடிய தலம் அது.

மரம் செடிகளிலும் கவனம் வேண்டும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் பார்த்த இடமெல்லாம் முந்திரி. பெரம்பலூர்ப் பக்கம் போனால் மக்காச்சோளம். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை, சோழர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தி. முந்திரித் தோப்பில் காதலர் சந்திப்பதாக எழுதினால் படிக்கிற விவசாயி வீட்டுப் பிள்ளை சிரித்துவிடும். மிளகாய், நிலக்கடலை, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமே அப்படித்தான். பனையும் இலுப்பையும் வேம்பும் அன்றும் இருந்தன. வரகும் தினையும் கம்பும் இருந்தன. காரத்துக்கு மிளகு இருந்தது.

தூரமும் உங்களுக்கு உதவி செய்யும். தஞ்சையிலிருந்து பழுவூர் வர வேண்டுமானால் காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்ட வேண்டும். பாலம் இல்லாத காலத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்துவிட்டால் அக்கரைக்காரர் அக்கரை, இக்கரைக்காரர் இக்கரை. காதலரைப் பிரித்து வைக்க இதைவிட வேறு வில்லன் வேண்டுமா? இன்று அரியலூரிலிருந்து கீழப்பழுவூர், திருமானூர் வழியாகத் திருவையாற்றுக்குப் பேருந்தில் போய்ப் பாருங்கள். கொள்ளிடப் பாலத்தில் சன்னலோரம் உட்கார்ந்து அந்த அகலத்தைக் கண்ணால் அளந்தபின் எழுதுங்கள்.

தயங்காமல் எழுதுங்கள். பிறர் உண்டாக்கிய பாத்திரங்களை வைத்து எழுதுவது களவு என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். கல்கி நிறுத்திய இடத்திலிருந்து ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார் விக்கிரமன். பின்னர் அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். நம் தெருக்கூத்தில் அர்ச்சுனனுக்கும் அல்லிக்கும் நடக்கும் கதை வியாசர் எழுதியதா? பழைய கதையை எடுத்து அடுத்தவர் நீட்டுவது இந்த மண்ணின் வழக்கம்.

அடுத்த நாவல்களையும் கையில் எடுங்கள். ராஜேந்திரன் காலத்துக் கங்கைகொண்ட சோழபுரம் வேண்டுமானால் அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’. 1963-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. கொடும்பாளூர் இளங்கோ நங்கையையா ரோகிணியையா மணப்பான் என்று அக்காலத்து வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்க அதில் எல்லாம் இருக்கிறது. சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் கருணாகரனுக்குக் காஞ்சனாதேவியும் உண்டு, மஞ்சளழகியும் உண்டு. கலிங்கத்துப்பரணியின் படைத்தலைவன் அந்தக் கருணாகரத் தொண்டைமான். அந்தப் பரணிக்குத் தலைவனான முதலாம் குலோத்துங்கன் ஆட்சி செய்ததும் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்துதான்.

படம் வரைந்தவர் பெயரைப் போடுங்கள். நம் மனத்தில் இருக்கும் குந்தவையின் கொண்டையையும் வந்தியத்தேவனின் குறும்புச் சிரிப்பையும் முதலில் வரைந்தவர் மணியம். பின்னால் வந்த வினு, பத்மவாசன் போன்றவர்களுக்கும் தனித்தனி அழகு உண்டு. பெயரை வெட்டியெறிந்துவிட்டு ஓவியத்தை மட்டும் பகிர்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். இன்று கணினியில் வரைகிற இளம் பெண்களுக்கும் பையன்களுக்கும் இது பொருந்தும்.

செய்யக்கூடாதவை

கோயில் கல்லில் எந்தப் பெயரையும் எழுதாதீர்கள். உங்கள் பெயரையும் வேண்டாம், உங்கள் காதலி பெயரையும் வேண்டாம், வந்தியத்தேவன்-குந்தவை என்று அம்பு போட்ட இதயமும் வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரம் 2004 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். அந்தக் கோயில் பட்டது போதும். 1836-இல் கீழணை கட்டும்போது இதன் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கல்லை ஏற்றிக்கொண்டு போனார்கள். மாளிகைமேட்டில் ராஜேந்திரனின் அரண்மனை இருந்த இடத்தில் இன்று அகழாய்வுக் குழிகளில் செங்கல் அடித்தளம் மட்டும் தெரிகிறது. இத்தனைக்கும் தப்பி நிற்கிற கல்லில் ஆணியால் கீறுகிற கை ராஜேந்திரனின் ரசிகர் கையாக இருக்கவே கூடாது.

பட்டுப் புடவை, கொண்டை, வாள் என்று வேடம் கட்டிக்கொண்டு படம் எடுக்க வருகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அது வழிபாடு நடக்கும் கோயில். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு ஊரே திரண்டு வரும். அன்றைக்குச் சன்னதியை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஓடக்காரி என்று இழிக்காதீர்கள். வானதி-பூங்குழலி சண்டையில் என்னை மிகவும் நோகடிப்பது இது. வானதி கட்சிக்காரர்கள் சிலர் ‘ஓடம் தள்ளுகிறவளுக்கு ராஜகுமாரனா’ என்று எழுதுகிறார்கள். பூங்குழலியின் நிறத்தை இழுக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வானதியை மயங்கி விழுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவள் என்கிறார்கள். இரண்டாவது வாதம், பாத்திரத்தைப் பற்றிய வாதம், போகட்டும். முதலாவது, கதையை விட்டு வெளியே வந்து, உழைத்துப் பிழைக்கிற பெண்கள் எல்லார்மேலும் விழுகிறது. கடும் இருளில் தனியாகக் கடலில் ஓடம் செலுத்துகிறவளாக, அரசகுமாரனின் உயிரைக் காப்பாற்றுகிறவளாகக் கல்கி அவளைப் படைத்தார். தொழிலைச் சொல்லி அவளைத் தாழ்த்துகிறவர் கல்கியைப் படிக்கவே இல்லை என்று நான் சொல்வேன்.

சாதியைக் கொண்டுவராதீர்கள். சதய விழா வந்தால் ராஜராஜன் எங்கள் ஆள் என்று பல சாதிகள் சுவரொட்டி ஒட்டுகின்றன. அந்தச் சண்டையை வந்தியத்தேவனுக்கும் பழுவேட்டரையருக்கும் நீட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ன பாத்திரம் இன்ன சாதி, ஆகவே இந்த ஜோடி பொருந்தாது என்று எழுதுவது எங்கள் மாவட்டங்களில் விளையாட்டுப் பேச்சாக முடிவதில்லை. சாதி தாண்டிக் காதலித்த பிள்ளைகளுக்கு உயிர்ப் பயம் இருக்கிற நாடு இது. சோழர்கள் கொடும்பாளூரிலும் பழுவூரிலும் பெண் எடுத்தார்கள், வேங்கிச் சாளுக்கியருக்குப் பெண் கொடுத்தார்கள். கதையில் கல்கி ஓடக்காரப் பெண்ணை அரசியாக்கினார். இவ்வளவு விரிந்த உலகத்தை ஒரு சாதிச் சங்க அறைக்குள் அடைக்காதீர்கள்.

துரத்துவதையும் வதைப்பதையும் காதல் என்று அலங்கரிக்காதீர்கள். கரிகாலன்-நந்தினி ஜோடிக்கு இன்று பெரிய கூட்டம் இருக்கிறது. ஏனென்று புரிகிறது. இளமைக் காதல், பிரிவு, பழி, கடம்பூர் மாளிகையில் அந்தக் கடைசி இரவு; இதற்கு மேல் ஓர் எழுத்தாளருக்கு என்ன வேண்டும்? நாவலில் நடப்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காயம்பட்டுக் கிடக்கிற பாண்டிய மன்னன் வீரபாண்டியனை விட்டுவிடும்படி நந்தினி கெஞ்சுகிறாள். கரிகாலன் வெட்டுகிறான். ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்ற விருது அவன் கல்வெட்டுகளில் உண்மையிலேயே இருக்கிறது. கல்கி அந்த விருதிலிருந்து ஒரு பெண்ணின் வாழ்நாள் காயத்தை உண்டாக்கினார். அதைத் துயரமாக எழுதுங்கள், பழியாக எழுதுங்கள், இருவரும் மனம் விட்டுப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதுங்கள். எதையும் எழுதலாம். அவள் வேண்டாம் என்ற பிறகும் விடாமல் பின்தொடர்வதுதான் ஆண்மை என்ற பாடத்தை மட்டும் அதற்குள் வைக்காதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை மறிக்கிறவன் தன்னைக் கரிகாலனாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

நந்தினிக்கும் அவள் கணவர் பெரிய பழுவேட்டரையருக்கும் இடையில் உள்ள வயது வித்தியாசத்தை வைத்துக் கொச்சையாக எழுதுகிறவர்களும் உண்டு. நாவலின் முடிவில் அந்தக் கிழவர் எப்படிச் சாகிறார் என்று படித்தவர் அப்படி எழுத மாட்டார்.

கற்பனையைக் கல்வெட்டு என்று பரப்பாதீர்கள். ‘ஆதித்த கரிகாலனை நந்தினி கொன்றாள்’ என்று வரலாறு போல எழுதிய செய்திகள் கைப்பேசியில் சுற்றுகின்றன. நம் கையில் இருப்பது காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் ஆட்சித் தொடக்கத்தில் பொறித்தது. சோமன், ரவிதாசன் என்னும் பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரன் என்னும் இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி, அவர்கள் உறவினர் நிலங்களைப் பறித்த செய்தி அதில் இருக்கிறது. நந்தினி இல்லை. யார் தூண்டினார்கள் என்ற சொல்லும் இல்லை. அந்த இடைவெளியில்தான் எல்லா நாவலாசிரியர்களும் வீடு கட்டியிருக்கிறார்கள். நீங்களும் கட்டலாம், வீடு என்று சொல்லிக் கட்டுங்கள்.

குந்தவைகளையும் குழப்பாதீர்கள். ராஜராஜனின் தமக்கை ஒரு குந்தவை. அவன் மகள் இன்னொரு குந்தவை. வேங்கி விமலாதித்தனை மணந்தவர். தமக்கையைப் பற்றிப் பேசுகிறபோது காதலோடு நிறுத்திவிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயில் எடுத்தவர் அவர். தஞ்சையில் தந்தை பெயரால் ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனைக்கு நிலம் கொடுத்தவர். வந்தியத்தேவனைத் தாண்டியும் அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது.

பழுவூர்க்காரர்களைக் கேலி பேசாதீர்கள். நந்தினி அரண்மனை எங்கே, சுரங்கம் எங்கே என்று மேலப்பழுவூர் டீக்கடையில் கேட்டால் என்ன பதில் வரும்? அப்படி ஒன்று இல்லை. ‘துரோகி ஊர்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் ஊர்க்காரருக்குச் சிரிப்பாக இராது.

நடிகர்களை ஜோடி சேர்க்காதீர்கள். கார்த்தியும் த்ரிஷாவும் வந்தியத்தேவனாகவும் குந்தவையாகவும் வேடம் போட்டார்கள், வேலை முடிந்தது. அவரவர்க்குக் குடும்பமும் வாழ்க்கையும் உண்டு.

அடுத்தவர் உரிமையில் கை வைக்காதீர்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. அவற்றை யாரும் அச்சிடலாம், அவற்றிலிருந்து கதை வளர்க்கலாம். எல்லா நாவல்களும் அப்படி இல்லை. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கிறது. சாண்டில்யன் மறைந்தது 1987-இல். பாலகுமாரன் மறைந்தது 2018-இல். அவர்களுடைய பாத்திரங்களை வைத்து எழுதி நண்பர்களுக்குள் படிப்பது வேறு, புத்தகமாக்கிப் புத்தகத் திருவிழாவில் விலை வைப்பது வேறு. விற்பதற்கு முன் உரிமை உள்ளவர்களிடம் கேளுங்கள்.

புனைபெயரில் எழுதுகிற பெண்ணின் ஊரைத் தோண்டாதீர்கள். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நான் நினைப்பது. இந்த ஜோடிக் கதைகளை எழுதுகிறவர்களில் கல்லூரி மாணவிகள் உண்டு, புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, கல்யாணமாகி வேறு ஊர் போனவர்களும் உண்டு. அரியலூரும் பெரம்பலூரும் சின்ன ஊர்கள். இன்னார் மகள் காதல் கதை எழுதுகிறாள் என்ற செய்தி பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேரும். பிறகு கைப்பேசி பறிபோகும். படிப்பே நின்றுபோனாலும் வியப்பதற்கில்லை. ஜோடிச் சண்டையில் தோற்றுப்போன ஆத்திரத்தில் அவள் யார், எந்தக் கல்லூரி, அப்பா என்ன செய்கிறார் என்று தேடி வெளியிடுவது கொடுமை. கிருஷ்ணமூர்த்தி என்ற மனிதரும் கல்கி என்ற பெயரில்தான் எழுதினார். தன் பெயரைச் சொல்ல விரும்பும் நாளில் அவளே சொல்வாள். அதுவரை அவள் கதையைப் படியுங்கள். பிடித்திருந்தால் பிடித்த இடத்தைச் சொல்லி நாலு வரி எழுதுங்கள். அடுத்த அத்தியாயம் எப்போது என்று கேளுங்கள்.